பதிவேட்டைக் கேளுங்கள்



“ஆசிட், பினாயில்!” காலையில் வேலைகள் ஓய்ந்த நேரத்தில் இந்தக் குரல் நம் தெருக்களில் கேட்கும். பழைய குளிர்பான பாட்டிலை நீட்டினால், வண்டிக்காரர் கேனைச் சாய்த்துப் புனல் வழியாக ஊற்றித் தருவார். செறிவு எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. குளிர்பானத்தின் லேபிள்கூடக் கிழியாமல் இருக்கும் அந்த பாட்டிலைக் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில்தான் வைக்கிறோம். வண்டிக்காரரைக் குறை சொல்லவில்லை. கையுறைகூட இல்லாமல் அதை ஊற்றி ஊற்றி விரல் வெந்தவர் அவர்.

இதே ஆசிட் ஆயுதமாகவும் ஆகிறது. ஆசிட் வீச்சுக்கு ஆளான காரைக்கால் வினோதினியை 2013 பிப்ரவரியில் இழந்தோம். அதே ஆண்டு ஜூலை 18 அன்று, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட லட்சுமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது: ஆசிட் வாங்குபவர் அடையாள அட்டை காட்டிக் காரணம் சொல்ல வேண்டும், அவருடைய பெயரும் முகவரியும் பதிவேட்டில் ஏற வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது. கணக்கில் காட்டாத இருப்புக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். அந்தப் பதிவேட்டை உங்களில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்?

ஓர் ஊர் கண்டிப்பாக இருந்தாலும் போதாது. 1919-ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டப்படி, விற்பனை விதிகளை வகுப்பது அந்தந்த மாநிலம். ஆனால் 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் நாடு முழுவதும் ஒரே சந்தை. ஆன்லைனில் கேட்டால் எந்த மாநிலத்துச் சரக்கும் வாசலுக்கு வந்துவிடும். 2022 டிசம்பரில் டெல்லியில் ஒரு பள்ளி மாணவியின் முகத்தில் வீசப்பட்டது ஆன்லைனில் வாங்கிய ஆசிட் என்று காவல்துறையே சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஒரே சந்தைதான். ஆனால் அங்கே விதியும் ஒன்று. 15 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள கந்தக அமிலத்தை அதன் 27 நாடுகளிலும் பொதுமக்கள் 2021 முதல் நினைத்தபடி வாங்க முடியாது. நம் பக்கத்து வங்கதேசம் 2002-லேயே ஆசிட் விற்பனைக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் போட்டுவிட்டது.

கடைக்கும் இணையத்துக்கும் பொருந்தும் ஒரே விதியை மத்திய அரசு நாடு முழுமைக்கும் கொண்டுவர வேண்டும். இதற்கான மனு எங்கள் நுகர்வோர் குழுவிடம் தயாராக இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். அதுவரை, லேபிளும் சீலும் இல்லாத ஆசிட்டை வாங்காதீர்கள். இணையத்தில் கேள்வி கேட்காமல் விற்பதைக் கண்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள். கடைக்காரர் பதிவேட்டை எடுக்காவிட்டால், “நோட்டு எங்கே அண்ணாச்சி?” என்று நீங்களே கேளுங்கள்.