மூல நிரல் மூடிக் கிடக்கலாமா?

திருவண்ணாமலைக் கோயிலுக்குச் செல்வோர் முதலில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியப்பார்கள். அண்ணாந்து பாராமல், கண்ணுக்கு நேரே காண வேண்டியதும் அங்கே ஒன்று உண்டு. அதுதான் சுவர்க் கற்களில் வெட்டப்பட்டுள்ள எழுத்து. இன்னார், இன்ன ஆண்டில், இன்ன நிலத்தைக் கொடுத்தார். அதன் வருவாயில் இன்ன பணி நடக்க வேண்டும் என்பன போன்ற செய்திகளை அக்கல்வெட்டுகள் கூறுகின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990இல் இவற்றை நூலாகத் தொகுத்து வெளியிட்டது.

ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்தால் போதாதா? சுவரில் ஏன் வெட்டினார்கள்? பொதுக் காரியத்தின் கணக்கு பொது இடத்தில் இருக்க வேண்டும் என்பதே காரணம். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் என்று சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் காண்கிறோம். விளக்கு எரியாவிட்டால், எழுத்தறிந்த எவரும் சுவரைக் காட்டிக் கேள்வி கேட்கலாம் அல்லவா?

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டன. அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. கட்டடம் மாறியது, மூலம் மறையவில்லை.

இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்கிறீர்களா? நம் கையிலிருக்கும் செல்பேசிக்குள்ளும் இதே பிரச்சினைதான் இருக்கிறது.

எந்த மென்பொருளுக்கும் இரண்டு உருவங்கள் உண்டு. நிரலர் எழுதுவது மூல நிரல். அதை மனிதர் படித்துப் புரிந்துகொள்ளலாம். பொறி இயக்குவதோ 0, 1 என்ற இலக்கங்களாக மாற்றப்பட்ட வடிவம். அதைப் படிப்பது மிகக் கடினம். கணக்குத் தேர்வில் விடையை மட்டும் எழுதி, வழிமுறையை எழுதாமல் விட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? மூல நிரலைத் தராத மென்பொருளும் அப்படிப்பட்ட விடைத்தாள்தான்.

மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்து, திருத்தவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்கள் பல உள்ளன. லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றின் அடித்தளம் இத்தகையது. ஆனால் திறந்தது என்பதற்கு விதி இல்லாதது என்று பொருளன்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் விதி இதுதான்: 'திருத்தலாம், விற்கலாம், ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால், அதன் மூல நிரலையும் அவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.' அப்பாச்சி உரிமம் இவ்வளவு கண்டிப்பானது அன்று. மூலத்தின் உரிமைக் குறிப்பை மட்டும் காப்பாற்றிவிட்டு, தம் திருத்தங்களை மூடிவைத்துக்கொள்ள அது இடம் தருகிறது.

இந்த விதியினால் விளையும் நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு. லிங்க்சிஸ் நிறுவனம் விற்ற ஒரு ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003இல் சிலர் கண்டுபிடித்தார்கள். மூல நிரலோ தரப்படவில்லை. கேள்விகள் எழுந்தன. அந்நிறுவனத்தை வாங்கியிருந்த சிஸ்கோ அதே ஆண்டில் நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற திட்டம் பிறந்தது. இன்று அது பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் இயங்குகிறது.

இனி நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். 2023 சனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம் 'பார்ஓஎஸ்' என்ற செல்பேசி இயங்குதளத்தை உருவாக்கியிருப்பதாக அறிவிக்கப்பட்டது. உள்நாட்டுத் தயாரிப்பு என்று அது பாராட்டப்பட்டது. மத்திய அமைச்சர்கள் இருவர் அதனைச் சோதித்துப் பார்த்தார்கள். விரும்பாத செயலிகளைத் திணிக்காதது அதன் சிறப்பு என்றார்கள். உடனே கேள்விகளும் பிறந்தன. இது ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலிலிருந்து உருவானது அல்லவா? இதில் புதியது எது, பழையது எது? மூல நிரல் எங்கே? அறிவிப்பு வந்த நாட்களில் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கவில்லை.

இங்கே இரண்டு வினாக்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, சட்டம் பற்றியது. ஆண்ட்ராய்டின் கருவாகிய லினக்ஸ் ஜி.பி.எல். உரிமத்தில் உள்ளது, மேற்பகுதியில் பெரும்பாலானது அப்பாச்சி உரிமத்தில் உள்ளது. எனவே கருவின் நிரல் அந்தத் தளத்தைப் பெறுவோருக்குக் கிடைக்க வேண்டும். மேற்பகுதியைக் காட்டும்படி சட்டம் கட்டாயப்படுத்தாது. இரண்டாவது, நேர்மை பற்றியது. 'இது பாதுகாப்பானது, எங்களை நம்புங்கள்' என்று நாட்டு மக்களிடம் சொல்லும்போது, சட்டம் கேட்கும் அளவுக்கு மட்டும் காட்டினால் போதுமா? போதாது என்பதே என் கருத்து.

பிறர் மூலத்தை எடுத்து ஆள்வது இழிவன்று. சென்னையிலுள்ள சி-டாக் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அதை வெளிப்படையாகச் சொன்னதால் அதன் மதிப்பு குறையவில்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் அது இடம்பெற்றது.

'நிரலைத் திறந்து வைத்தால் திருடனும் படிப்பானே' என்று சிலர் அஞ்சுவார்கள். கெர்க்கோஃப்ஸ் என்ற டச்சு அறிஞர் 1883இலேயே இதற்கு விடை கூறிவிட்டார். இரகசிய எழுத்து முறை பகைவர் கையில் சிக்கினாலும் கேடு வரக்கூடாது. சாவி மட்டும் இரகசியமாக இருந்தால் போதும் என்பது அவர் கொள்கை. பூட்டின் அமைப்பை மறைத்து வீட்டைக் காக்க முடியாது.

திறந்த நிரலில் பிழையே இராது என்றும் எண்ணிவிடக் கூடாது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற திறந்த மென்பொருளில் 2012இல் புகுந்த ஒரு பெரும் பிழை 2014 வரை கண்டுபிடிக்கப்படவில்லை. சுவரில் எழுத்து இருந்தால் மட்டும் போதாது, படிப்பவரும் வேண்டும். ஆனால் எழுத்தே இல்லாத சுவரை யார் படிக்க முடியும்?

ஆகவே, பொதுப் பணத்தின் துணையோடு வளரும் மென்பொருள்களாவது மூன்று செய்திகளைச் சொல்லியாக வேண்டும். மூலம் எது? நாங்கள் மாற்றியது எது? அதை எங்கே பார்க்கலாம்?

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் நிரல் எழுதுவீர்கள். பிறர் எழுதியதை எடுத்துத் திருத்துவீர்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் செய்யும் சிறு செயல்திட்டத்திலேயே இப்பழக்கத்தைத் தொடங்கலாம். யாரிடமிருந்து பெற்றேன், எதை நானே செய்தேன் என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த முறை திருவண்ணாமலைக்குச் சென்றால், அந்தச் சுவர்களின் அருகே சற்று நின்று பாருங்கள். தம் கணக்கை ஊரார் முன் வைக்க அஞ்சாதவர்கள் வெட்டிய எழுத்து அது.