எண்ணைக் காட்டுமுன் எண்ணிய முறையைக் காட்டுங்கள்

ஏசர் எனப்படும் ஆண்டுக் கல்விநிலை அறிக்கை வெளிவரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கவே தெரியவில்லை என்கிறது ஒன்று. அறிக்கையே பொய் என்கிறது மற்றொன்று. அறிக்கை தரும் விழுக்காடு எப்படிக் கிடைத்தது என்று இரு தரப்பும் கேட்பதில்லை. ஆசிரியர்களும் பெற்றோரும் அதைக் கேட்கப் பழக வேண்டும்.

பிரதம் அமைப்பு 2005இல் தொடங்கிய ஆய்வு இது. மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள். வீடு தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. அன்று வகுப்புக்கு வராத பிள்ளை, தனியார் பள்ளிப் பிள்ளை, படிப்பை நிறுத்திய பிள்ளை மூவரையும் வீட்டில்தான் பார்க்க முடியும்.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சிறுமியிடம் ஓர் அட்டையை நீட்டுகிறார்கள். அதில் முதல் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தி. சரளமாக வாசித்துவிட்டால் இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை. திக்கித் திணறினால் சொற்கள். அவளே ஐந்தைத் தேர்ந்தெடுக்கலாம். நான்கு சரியாக வந்தால் போதும். அதுவும் வராவிட்டால் எழுத்துகள். தேர்வுத்தாளில் குத்துமதிப்பாக ஒரு விடையைக் குறித்துவிடலாம். இங்கே வாய்விட்டுத்தான் வாசித்தாக வேண்டும்.

எல்லைகளும் உண்டு. இந்த ஆய்வு கிராமப்புறத்துக்கானது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48 விழுக்காட்டினர் நகரவாசிகள். அவர்களின் பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லை. மாவட்டத்துக்கு 600 வீடுகள் என்பதால், ஒன்றிரண்டு விழுக்காட்டு ஏற்ற இறக்கத்தை வெற்றி என்றோ வீழ்ச்சி என்றோ சொல்லிவிட முடியாது. அரசு நடத்திய தேசிய அடைவு ஆய்வோ பள்ளியில் வைத்து, அந்தந்த வகுப்புக்குரிய கற்றல் விளைவுகளை அளந்தது. இடமும் கேள்வியும் வேறாக இருக்கும்போது, இரண்டின் எண்களையும் பக்கத்தில் வைத்து ஒன்றைப் பொய்யாக்குவது நியாயமல்ல.

அந்தச் சிறுமி ஏன் திக்கினாள் என்பதை இரண்டு ஆய்வுகளாலும் சொல்ல முடியாது. அதற்கு ஒருவர் அவள் வகுப்பறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்; ஆசிரியரிடமும் அவள் அம்மாவிடமும் பேச வேண்டும். அத்தகைய ஆய்வுகள் தமிழில் நிறைய வர வேண்டும். அவற்றுக்கு இவ்விதழின் பக்கங்கள் எப்போதும் திறந்திருக்கும்.

அடுத்த அறிக்கை வரும்போது தலைப்புச் செய்தியோடு நின்றுவிடாதீர்கள். எந்தப் பிள்ளைகளிடம், எங்கே வைத்து, என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். வாசிப்பு அட்டை பொதுவில் கிடைக்கிறது. அதை உங்கள் தெருப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்து, பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு விவாதிப்போம்.