புகை நமக்குப் பகை. ஆவி மட்டும் உறவா?



"புகை நமக்குப் பகை" என்னும் வாசகத்தை நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுள் அறியாதவர் இலர். போதைப்பொருள் எதிர்ப்பு வாரம் வந்துவிட்டால் சுவரொட்டி வரைவார்கள். ஒரு சிகரெட், அதன் மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் ஒரு மண்டையோடு. சிறந்த ஓவியத்திற்குப் பரிசு கொடுப்போம். நிழற்படம் எடுப்போம். கடமை முடிந்தது எனக் கலைந்துவிடுவோம்.

அந்த வாசகத்தைப் போதை வணிகர் ஒரே சொல்லால் முறியடித்துவிட்டார். "இது புகையன்று, ஆவி!"

சிகாமட் வட்டாரத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தும் நான் இச்சொல்லை மாணவர் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். "சார், அது புகை இல்ல சார், வெறும் ஆவிதான். நாத்தம்கூட வராது." பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைத் தானே கண்டுபிடிக்கவில்லை. யாரோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். நாம் கற்றுக் கொடுக்கும் முன்பே அவர்கள் முந்திக்கொண்டார்கள் என்பதே என் கவலை.

இன்று இளைஞர் நடுவில் ஓடும் பேச்சு 'கஞ்சா நல்லதா, கெட்டதா' என்பதன்று. அதை எப்படி இழுப்பது மேல் என்பதே பேச்சு. செடியின் பசையைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கிய எண்ணெயும் மெழுகும் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. அவற்றைக் கொதிக்கும் தட்டில் உருக்கி இழுப்பதா, பேனா போன்ற மின்கருவியில் குப்பியைப் பொருத்தி இழுப்பதா, எந்தச் சூட்டில் இழுத்தால் தொண்டை எரியாது என்றெல்லாம் கைப்பேசிக் காணொளிகள் ஒப்பிட்டுக் காட்டுகின்றன. கேட்பவருக்கு இது ஏதோ அறிவியல் போலத் தோன்றும். இந்த ஒப்பீடே ஒரு பொறி என்பதுதான் என் வாதம். கருவியை ஒப்பிடுகிறவன் உள்ளிருக்கும் பொருளைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறான்.

முதலில் 'ஆவி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம்

தமிழில் ஆவி என்றால் உயிர். ஆவி என்றால் மூச்சு. இட்லிச் சட்டியிலிருந்து எழுவதும் ஆவி. தீங்கு தொனிக்காத சொல். உப்பு நீரைக் காய்ச்சினால் நீர் ஆவியாகும், உப்பு பாத்திரத்தில் தங்கும் என அறிவியல் பாடத்திலும் கற்பிக்கிறோம். ஆவி என்றாலே தூய்மை என்று பிள்ளை எண்ணுவதில் வியப்பில்லை.

ஆனால் வேப் கருவியிலிருந்து எழுவது பெரும்பாலும் அந்தப் பொருளில் ஆவியே அன்று. நுண்ணிய திரவத் துளிகள் காற்றில் மிதக்கும் கலவை அது. ஏரோசால் என்பர். டெங்கிக் கொசுவை ஒழிக்க நம் குடியிருப்புகளில் வெண்மேகம் போல் மருந்து அடிக்கிறார்களே, அதுவும் ஏரோசால்தான். அங்கும் எண்ணெயில் கரைத்த மருந்து சூட்டினால் நுண்துளிகளாகிப் பரவுகிறது. அந்த மேகம் வந்தால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துகிறோம். இந்த மேகத்தைப் 'பழவாசனை' என்று பாராட்டுகிறோம்!

ஒப்பிடத்தான் வேண்டுமா? ஒப்பிடுவோம்

கொதிக்கும் தட்டு முறையை மேல் என்பார் சிலர். எரிப்பதில்லை, ஆகவே நஞ்சில்லை என்பது அவர்கள் கூற்று. அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதைச் சோதித்தனர். கஞ்சாச் செறிவுக்கு மணம் தரும் டெர்பீன் என்னும் பொருள்கள் கடுஞ்சூட்டில் சிதைந்து, புற்றுநோய் விளைவிக்கும் பென்சீனையும் நுரையீரலை அரிக்கும் மெத்தாக்ரோலீனையும் உண்டாக்குவதைக் கண்டனர். தீ இல்லை என்பதால் நஞ்சு இல்லாமற் போகவில்லை.

பேனாக் கருவியில் சூடு குறைவு, ஆகவே அதுவே சிறந்தது என்பார் வேறு சிலர். 2019இல் அமெரிக்காவில் நிகழ்ந்ததை இவர்கள் மறந்துவிட்டார்கள். நல்ல உடல்நலத்துடன் இருந்த இளைஞர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைகளில் குவிந்தனர். 2020 பிப்ரவரிக்குள் பதிவானவர்கள் 2,807 பேர். அவர்களுள் 68 பேர் இறந்தனர். விவரம் தெரிந்த நோயாளிகளுள் நூற்றுக்கு 82 பேர் கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி கலந்த திரவத்தை இழுத்தவர்கள். கள்ளச் சந்தையில் அந்த எண்ணெயைப் பெருக்குவதற்காக வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் பொருளைக் கலந்திருந்தார்கள். 51 நோயாளிகளின் நுரையீரல் நீரைச் சோதித்தபோது 48 பேரிடம் அப்பொருள் இருந்தது. தோலில் பூசும் களிம்புகளில் இருப்பது. வாய்வழி உட்கொண்டாலும் பொதுவாகத் தீங்கு தராதது. நுரையீரலுக்குள் போனபோது உயிரைக் குடித்தது. எல்லாரும் 'மேலான' கருவியில்தான் இழுத்தார்கள்!

இன்னொரு செய்தி ஆசிரியர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகம் 38 பள்ளிகளில் மாணவர்களிடமிருந்து பறிமுதல் செய்த 596 வேப்களைச் சோதித்து, 2024இல் முடிவை வெளியிட்டது. ஆறில் ஒன்றில் 'ஸ்பைஸ்' எனப்படும் செயற்கைக் கஞ்சா இருந்தது. இது செடியிலிருந்து வந்ததன்று. ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் வேதிப்பொருள். இயற்கைக் கஞ்சாவைவிடப் பன்மடங்கு வேகம் கொண்டது. வலிப்பையும் மயக்கத்தையும் உண்டாக்கவல்லது. பெரும்பாலும் சாதாரணக் கஞ்சா எண்ணெய் என்ற பெயரில்தான் இது பிள்ளைகளுக்கு விற்கப்படுகிறது. நம் நாட்டிலும் செயற்கைப் போதைப்பொருள் கலந்த வேப் திரவங்களைக் கைப்பற்றியதாகக் காவல்துறை பலமுறை அறிவித்திருக்கிறது. அண்டை நாடான சிங்கப்பூர், எட்டோமிடேட் என்னும் மயக்க மருந்தை வேப்பில் கலந்து விற்றதைக் கண்டு, 2025 செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாத திரவத்தை எந்தச் சூட்டில் இழுப்பது நலம் என்று விவாதிப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

"கஞ்சா நம் மூலிகையாயிற்றே!"

இதைச் சொல்வோரும் நம்மிடையே உண்டு. சித்த மருத்துவத்தில் இருக்கிறது, தாய்லாந்தில் அனுமதித்துவிட்டார்கள் என்பார்கள். மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. செடியின் பூவில் டிஎச்சி பொதுவாக நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை இருக்கும். செறிவில் 60 முதல் 90 பங்கு வரை இருக்கும். மோரும் நெய்யும் ஒரே பாலிலிருந்து வந்தவை என்பதற்காகக் குவளை மோர் குடிப்பவன் குவளை நெய் குடிப்பானா?

தாய்லாந்துச் சான்றையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். 2022 ஜூன் மாதம் அந்நாடு கஞ்சாச் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியபோதும், டிஎச்சி 0.2 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சாறுகளை நீக்கவில்லை. 2025 ஜூனில் பூவுக்கும் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. கதவைத் திறந்த நாடே செறிவுக்குத் திறக்கவில்லை. பாதிச் செய்தியைக் காட்டி முழு முடிவுக்கு வரலாமா?

நாம் முன்பே ஏமாந்த ஒப்பீடு

தோட்டப்புறத்தில் பிறந்த நமக்கு இத்தகைய ஒப்பீடு புதிதன்று. 'கள் உடம்புக்குக் குளிர்ச்சி, சம்சுதான் கெடுதல்' என்று நம் பாட்டன்மார் காலத்தில் பேசினார்கள். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. உழைத்த கூலி அங்கேயே கரைந்தது. இந்தப் பொறியை முதலில் உணர்ந்தவர்கள் தொழிலாளர்களே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றனர். எந்தக் குடி மேல் என்று அவர்கள் ஒப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. கடையே வேண்டா என்றார்கள்.

2018 செப்டம்பரில் சிலாங்கூர் உள்ளிட்ட பகுதிகளில் மெத்தனால் கலந்த போலி மதுவால் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் கண்டோம். புட்டியின் மேலிருந்த பெயரை நம்பிக் குடித்தார்கள். வேப் குப்பியின் கதையும் அதுவே.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கலாமா?

ஜொகூரில் 2016 ஜனவரி 1 முதல் வேப் கடைகளை மூடும்படி சுல்தான் ஆணையிட்டார். பெருமைக்குரிய செயல். ஆனால் சிகாமட்டிலிருந்து கெமாஸ் எவ்வளவு தொலைவு? மாநில எல்லையைத் தாண்ட ஒரு மோட்டார்சைக்கிள் போதும். கைப்பேசிக்கு எல்லையே இல்லை.

கூட்டரசின் கதை இன்னும் வருத்தத்திற்குரியது. வேப் திரவத்திலுள்ள நிக்கோட்டினை 2023 மார்ச் 31 அன்று நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதைத் தடுக்கும் புதிய சட்டம் 2024 அக்டோபர் 1 அன்றுதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாதங்கள் நம் பிள்ளைகளுக்கு வேலியே இல்லை. அன்று ஐந்தாம், ஆறாம் ஆண்டில் இருந்தவர்கள் இன்று இடைநிலைப்பள்ளியில் இருக்கிறார்கள். கருவியைக் கையில் பிடிக்கும் பழக்கம் பழவாசனையில் தொடங்குகிறது. அதே கருவியில் வேறு குப்பியை மாட்ட ஒரு நொடி போதும்.

கஞ்சாவைப் பொறுத்தவரை 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் கருவியைப் பார்ப்பதில்லை. உட்கொண்டது உறுதியானால் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ விதிக்கலாம். கடத்தல் என்று நிறுவப்பட்டால், கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்ட பிறகும், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இருக்கிறது. 'அது வெறும் ஆவிதான்' என்னும் வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது.

ஆறாம் ஆண்டுக்குள் சொல்லியாக வேண்டும்

"சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசலாமா?" என்று தயங்குவோர்க்கு என் மறுமொழி இது. தமிழ்ப்பள்ளி நம் பிள்ளையைப் பன்னிரண்டு வயதுவரைதான் வைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு புகுமுக வகுப்போ முதலாம் படிவமோ. புதிய மொழிச்சூழல், புதிய நண்பர்கள். தாய்மொழியில் ஆசிரியர் முகம் பார்த்து ஐயம் கேட்கும் வாய்ப்பு பலருக்கு அத்துடன் குறைந்துவிடுகிறது. நாம் சொல்லாமல் விட்டதை அங்கே கழிவறை வாசலில் நிற்கும் மூத்த மாணவன் சொல்லுவான்.

ஆகவே மூன்றைச் செய்வோம். ஒன்று, நலக்கல்விப் பாடத்தில் சிகரெட்டோடு நிற்காமல் வேப், அதனுள் கலக்கும் பொருள்கள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பேசுவோம். இரண்டு, "எந்தக் கருவி?" என்று கேட்காதே, "உள்ளே என்ன? யார் செய்தது? யார் சோதித்தது?" என்று கேள் எனப் பழக்குவோம். இந்த மூன்று கேள்விகளும் வாழ்நாள் முழுவதும் உதவும். மூன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விளையாட்டுப் போட்டிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்கு ஒதுக்குவோம்.

பெற்றோர்க்குத் தனியாக ஒன்று. "சிகரெட்டுக்கு இது தேவலாம்" என்று பிள்ளையின் காதுபட ஒருபோதும் சொல்லாதீர்கள். பிள்ளையின் பையில் அக்கருவியைக் கண்டால் அடித்துத் துரத்தாதீர்கள். அடித்தால் ஒளித்துவைக்கக் கற்றுக்கொள்வானே தவிர, விடமாட்டான். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போதைப் பித்தர்களுக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோரே முன்வந்து பிள்ளைக்குச் சிகிச்சை கோரும் வழியையும் வைத்திருக்கிறது. காவல்துறை கதவைத் தட்டுமுன் நாமே தட்டக்கூடிய கதவு அது.

சுவரிலிருக்கும் பழைய வாசகத்தை அழிக்க வேண்டா. அதன் கீழே இன்னொரு வரி எழுதுவோம்: ஆவியும் பகையே!

சிந்திப்போம்! செயல்படுவோம்!