ஏசி இருக்கட்டும், மண்டபத்துக்கு வழி இருக்கா?

ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தமா? தாம்பரம் பக்கம் மண்டபம் தேடுறவங்க ஏசியையும் மேடை அலங்காரத்தையும் அப்புறம் பாருங்க. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியது கார்த்திகையில்தான். மழையில் அந்தத் தெரு எப்படி இருக்கும்னு மேனேஜரிடம் கேட்காதீங்க, எதிர் டீக்கடையில் கேளுங்க.

அடுத்து, பஸ். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்ட அரசுப் பஸ்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஈசிஆர் ரிசார்ட் போட்டோவுக்கு அழகுதான். விடியற்காலை முகூர்த்தத்துக்குத் திருநெல்வேலி பெரியப்பா அங்கே எப்படி வந்து சேருவார்? 200 பேர்தான் என்றால் வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஒரு மினி ஹாலே போதும் என்பேன்.

வாடகைக்கு மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. கரண்ட், ஜெனரேட்டர் டீசல், கிளீனிங் எல்லாம் பெரும்பாலும் தனி பில். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிடுங்க.