வானில் காக்கும் சொல்

பாகூர் ஏரிக்கரையில் அந்திவேளையில் நின்று அண்ணாந்து பார்ப்போர்க்கு, நீல வானில் வெண்கோடு ஒன்று மெல்ல நீளுவது சில நாட்களில் தென்படும். கரையில் நிற்போருள் ஒருவர் "சிங்கப்பூர் விமானம்" என்பார். "இல்லை, துபாய் விமானம்" என்பார் மற்றொருவர். இரண்டில் எதுவாயினும் நம்மவர் சிலரேனும் அதில் இருப்பர் என்பதே அப்பேச்சின் உட்பொருள். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தோர் பலர். வளைகுடாவில் உழைக்கும் மகனும், உம்ராவுக்குப் புறப்பட்ட பெற்றோரும் செல்லும் வழி அது. ஆகவே விமானம் நமக்கு வேடிக்கைப் பொருளன்று. நம் குடும்பங்களைச் சுமந்து செல்லும் ஊர்தி. எனினும், அவ்வூர்தியை மற்றோர் ஊர்தியோடு மோதாமல் காத்து நிற்போர் யாவர் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

வானம் எல்லையற்றது, அதில் இரண்டு விமானங்கள் மோதுவதாவது என்று தோன்றலாம். அத்தோற்றம் பிழையானது. விமானங்கள் வகுத்த வழிகளில்தான் பறக்கின்றன. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம், வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடைப்பட்ட தொலைவை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். அதே வேகத்தில் இரண்டு எதிரெதிரே வருமாயின், அவற்றின் இடைவெளி நொடிக்கு 500 மீட்டர் குறையும். கண்ணால் கண்டு விலகுதற்கு அங்கே நேரமில்லை. ஆதலின், மேல்கீழாக 1000 அடி இடைவெளி வேண்டும் என்பது பொதுவிதி. 29,000 அடிக்கு மேல் முன்பு 2000 அடி இடைவெளி கட்டாயமாக இருந்தது. உயரம் அளக்கும் கருவிகள் திருந்திய பின், 2003 நவம்பரில் இந்திய வான்வெளியில் 41,000 அடிவரை அது 1000 அடியாகக் குறைக்கப்பட்டது. அந்த இடைவெளி இல்லாதவிடத்து, ராடாரின் பார்வையில் உள்ள விமானங்களுக்கிடையே வழித்தடத்தில் 5 கடல் மைல் தொலைவேனும் பொதுவாக வேண்டும். மேற்சொன்ன வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு விமானங்கள் அத்தொலைவைத் தீர்க்க 19 நொடிகூட ஆகாது!

இந்திய வான்வெளி தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரும் பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. நம் கொம்யூன்களுக்கு மேலுள்ள வானம் சென்னைப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே திரைமுன் அமர்ந்திருப்பவரின் கையில் கயிறும் இல்லை, கடிவாளமும் இல்லை. அவரிடம் உள்ள முதற்கருவி சொல்லே. அவர் ஓர் உயரத்தைச் சொல்கிறார். விமானி அதனைத் திருப்பிச் சொல்கிறார். திருப்பிச் சொன்னது சரிதானா என்று இவர் மீண்டும் செவிமடுக்கிறார். இம்முறை நமக்குப் புதிதன்று. மதரசாவில் உஸ்தாத் ஓதிக்கொடுக்க, பிள்ளை திருப்பி ஓத, ஓர் எழுத்துப் பிசகினும் உஸ்தாத் நிறுத்தித் திருத்துவார் அன்றோ? திண்ணைப் பள்ளியில் முறை சொன்னதும் இவ்வாறே. சொன்னதோடு கடமை முடிவதில்லை. கேட்டவர் சரியாகக் கொண்டாரா என்று அறிந்த பின்னரே அது முடிகிறது.

அந்தக் கடமையில் ஓர் இழை அறுந்தால் என்னாகும் என்பதை 1996 நவம்பர் 12 நமக்குக் காட்டியது. தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய விமானம் 14,000 அடி உயரத்தில் நிற்குமாறு பணிக்கப்பட்டிருந்தது. எதிரே தில்லி நோக்கி இறங்கிய கசகஸ்தான் விமானத்திற்கு விதிக்கப்பட்ட உயரம் 15,000 அடி. எதிரே ஒரு விமானம் வருகிறது என்றும் கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார். ஆயினும் கசகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்திற்குக் கீழே இறங்கிற்று. அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதி, எரிந்த துண்டுகளாக வயல்களில் வீழ்ந்தன. இரண்டிலும் இருந்த 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நடுவானில் நேர்ந்த விமான மோதல்களில் உலகிலேயே மிகுந்த உயிர்களைக் குடித்தது இதுவே. சவூதி விமானத்தில் இருந்தோருள் பெரும்பகுதியினர் பிழைப்புக்காகச் சென்ற இந்தியத் தொழிலாளர்கள். நம் தெருக்களிலிருந்து செல்லும் பிள்ளைகளைப் போன்றவர்களே அவர்கள்.

நீதிபதி ஆர்.சி.லகோத்தி தலைமையிலான விசாரணை, கசகஸ்தான் விமானம் அனுமதியின்றி இறங்கியதே விபத்தின் காரணம் என்று கண்டது. அவ்விமானக் குழுவினரின் ஆங்கில அறிவுக் குறைவும் பேசப்பட்டது. ஆயினும், மாண்டவர்மீது குற்றத்தைச் சுமத்திவிட்டு அமைதி கொள்வது அறமன்று என்பது நம் கருத்து. வரும் விமானங்களுக்கும் போகும் விமானங்களுக்கும் அன்று ஒரே வழித்தடம் இருந்ததேன்? விமானத்தின் உயரத்தைத் திரையில் காட்டவல்ல ராடார், நாட்டின் தலைநகரில் அன்று பணிக்கு வந்திராததேன்? வழித்தடங்களைப் பிரித்ததும், மோதல் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கியதும் விபத்திற்குப் பின்னரே நிகழ்ந்தன. 349 உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற திருத்தங்கள் அவை! கரை உடைந்த பின் மண் கொட்டுவது ஏரிக்கே ஆகாது என்று பாகூர் உழவர் அறிவர். வானத்திற்கு மட்டும் அது எங்ஙனம் ஆகும்?

கருவி வந்துவிட்டது, இனி மனிதர் எதற்கு என்பாரும் உளர். அவர்கள் 2002 சூலை 1ஆம் நாள் செர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். ரஷ்யப் பயணிகள் விமானத்தில் இருந்த கருவி "ஏறு" என்றது. கட்டுப்பாட்டாளர் "இறங்கு" என்றார். எதிரே வந்த சரக்கு விமானம் தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. ரஷ்ய விமானமோ மனிதர் சொற்படி இறங்கிற்று. 71 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அந்நள்ளிரவில் கட்டுப்பாட்டு அறையில் பணியாற்றியவர் ஒருவரே. மற்றவர் ஓய்வுக்குச் சென்றிருந்தார். தொலைபேசியும் எச்சரிக்கை அமைப்பும் பராமரிப்புக்காக முடங்கிக் கிடந்தன. கருவியின் ஆணையும் மனிதரின் ஆணையும் முரண்படின் கருவியையே பின்பற்றுக என்பது அதன்பின் உறுதியாயிற்று. ஆயினும், கருவி இறுதி நொடியின் காவலன் மட்டுமே; அந்நொடி வாராமலே காப்பவர் மனிதர். அவர்க்குப் போதிய துணையும் போதிய ஓய்வும் தருவது சலுகையன்று. பயணியின் உயிருக்கு நாம் தரும் காப்புறுதி.

தமிழ்த்துறை மலரில் இச்செய்தி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். சொல்லைக் காப்பது தமிழ்த்துறையின் தொழில் என்பதாலேயே இங்கு எழுதினோம். 1977 மார்ச் 27 அன்று தெனரீப் தீவில், மூடுபனி சூழ்ந்த ஓடுதளத்தில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். மேலெழ இசைவு கிடைத்துவிட்டது என்று விமானி கொள்ள, அவர் காத்து நிற்கிறார் என்று கட்டுப்பாட்டாளர் கருத, ஒரே உரையாடல் இருவேறு பொருள் தந்தது. 'டேக் ஆஃப்' என்னும் சொல்லை மேலெழும் இசைவுக்கன்றி வேறெதற்கும் வழங்கலாகாது என்பது அத்துயரம் கற்பித்த விதி. ஆங்கிலத்தில் ஐந்தும் ஒன்பதும் செவியில் மயங்கும் என்பதால் ஒன்பதை 'நைனர்' என நீட்டி ஒலிக்கின்றனர். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், மிகையற்ற சுருக்கம், தெளிந்த ஒலிப்பு என்னும் மூன்றும் நம் வகுப்பறையில் அன்றாடம் வேண்டப்படுவன அல்லவா?

எனவே நாம் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். நம் கொம்யூன் இளைஞர் விமானத்தில் பயணிகளாகச் செல்வதோடு அமையாது, விமானங்களைக் காப்போராகவும் உயர வேண்டும். இயற்பியலும் கணிதமும் பயின்ற அறிவியல் பட்டதாரிகள், இந்திய விமான நிலைய ஆணையம் நடத்தும் தேர்வின் வழியே இப்பணிக்குச் செல்லலாம். அலகாபாத் என்று நாம் அறிந்த பிரயாக்ராசில் இதற்கான பயிற்சிக் கல்லூரி உண்டு. இலாசுப்பேட்டை நிலையத்திலிருந்து 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது மகிழ்ந்த நாம், அவற்றை வழிநடத்துவோருள் நம்மவர் எத்தனை பேர் என்று கேட்டோமா?

தமிழ் வழியில் பயின்ற சிற்றூர் மாணவர்க்கு ஆங்கிலம் தடையாகாதா என்பது நியாயமான ஐயமே. அது தடைதான், ஆனால் தாண்ட இயலாத தடையன்று. உலக நாடுகள் இப்பணிக்கு வகுத்துள்ள மொழித் தகுதி, ஆங்கிலேயரைப் போன்ற நாவை வேண்டுவதில்லை. பிறர்க்கு விளங்கப் பேசுதலையும், எதிர்பாராத நிலையிலும் பிழையின்றி உணர்தலையுமே அது வேண்டுகிறது. தாய்மொழியில் ஒரு செய்தியை மூன்று வரியில் மயக்கமின்றிச் சொல்லப் பழகியவர், அப்பழக்கத்தைப் பிறமொழிக்கும் கொண்டு செல்வர். ஆசிரியப் பெருமக்கள் அப்பயிற்சியை வகுப்பில் தர வேண்டும். சமுதாயப் பெரியவர்கள், வெளிநாட்டுப் பயணத்திற்குக் கடன் கொடுத்து உதவும் அதே மனத்தோடு, தேர்வுக்குப் பயிலும் ஏழை மாணவரின் ஈராண்டுச் செலவையும் ஏற்க முன்வர வேண்டும்.

பிறர் உயிரும் உடைமையும் நம்மிடம் ஒப்படைக்கப்படின் அவற்றை அமானிதம் என்போம். முகமறியா முந்நூறு பேரின் உயிரை, ஒரு சொல்லின் தெளிவால் காத்துக் கரைசேர்ப்பதினும் பெரிய அமானிதம் எது? பாகூர் வானில் அடுத்த வெண்கோடு தோன்றும்போது, "எந்த ஊர் விமானம்?" என்று கேட்பதோடு நில்லாமல், "அதைக் காத்து நிற்பவர் யார்?" என்றும் நம் பிள்ளைகள் கேட்கட்டும். "எங்கள் ஊர்ப் பிள்ளை" என்று விடை சொல்லும் நாள், இறையருளால் விரைவில் வரட்டும்.