கையெழுத்திடாத பங்காளி

தோழனே!

இனிக்கும் பொருளொன்றைப் பற்றி இந்த ஞாயிறன்று எழுதுகிறேன். எழுத்து கசக்கும், பொறுத்துக்கொள்.

கடைக்குக் கடை கண்ணாடிப் பேழையிலே மின்னும் தாள் உடுத்தி மிடுக்கோடு வீற்றிருக்கிறதே சாக்லேட்! பிறந்த நாளுக்கு ஒன்று, பிணக்கைத் தீர்க்க ஒன்று, பிள்ளையின் அழுகையை அடக்க ஒன்று என வாங்குகிறோம். வெளிநாட்டு நிறுவனங்களின் உறைகளைத் திருப்பிப் பார்த்ததுண்டா நீ? பலவற்றில் பச்சை இலைச் சின்னம் இருக்கும். காட்டைக் காப்போம் என்ற உறுதிமொழி இருக்கும். புன்னகை பூத்த உழவன் முகம்கூட ஒரு மூலையில் அச்சாகியிருக்கும். அந்த முகத்துக்குரியவனைத் தேடித்தான் இன்று உன்னை அழைத்துச் செல்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் போயிருந்தால், தென்னந்தோப்பின் நிழலிலே, அடிமரத்திலேயே காய் ஒட்டித் தொங்கும் குட்டை மரங்களைக் கண்டிருப்பாய். அதுதான் கோகோ. பெருமரங்களின் நிழலில் வாழப் பிறந்த மரம். தாயகம் தென்னமெரிக்கக் காடு; எனினும் இன்று உலகம் உண்ணும் கோகோவில் பாதிக்கு மேல் விளைவது மேற்கு ஆப்பிரிக்காவின் இரு நாடுகளில். ஒன்று ஐவரி கோஸ்ட், மற்றொன்று கானா. டெட்டே குவார்ஷி என்ற கருமான் 1879-இல் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கோகோ விதை கொணர்ந்து ஊன்றினார் என்பது கானாவில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த வரலாறு.

அந்த இரு நாடுகளின் ஆட்சியாளரும், உலகின் பெரும் சாக்லேட் முதலாளிகளும் 2017 நவம்பரில், ஜெர்மனியின் பான் நகரில் பருவநிலை மாநாடு நடந்தபோது, ஓர் உடன்படிக்கை கண்டனர். 'கோகோ–காடுகள் முன்முயற்சி' என்பது அதன் பெயர். இனிக் கோகோவுக்காகக் காட்டை அழிக்க மாட்டோம். எந்தத் தோட்டத்துக் கோகோ எந்த மூட்டையில் வருகிறது என்பதைத் தடம் பிடிப்போம். நிழல்மரக் கன்றுகள் வழங்குவோம். உழவன் வருவாயைப் பெருக்குவோம். இவை அதன் வாக்குறுதிகள். முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இன்று அதில் சேர்ந்திருக்கின்றன. அரசு–தனியார் கூட்டு என்று உலகெங்கும் மேடைதோறும் முழங்குகிறார்களே, அதற்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படும் ஏற்பாடு இது.

கூட்டு என்றால் பங்காளிகள் உண்டல்லவா? (பங்காளி என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் பாகப்பிரிவினையும் வரப்புத் தகராறும் நினைவுக்கு வரும். பரவாயில்லை, அந்த நினைவும் இங்கே பயன்படும்.) அரசு ஒரு பங்காளி, கையெழுத்திட்டது. நிறுவனம் மற்றொரு பங்காளி, கையெழுத்திட்டது. காய் பறித்து, உடைத்து, புளிக்கவைத்து, உலர்த்தி, மூட்டை கட்டும் சிற்றுழவர்கள் இரு நாடுகளிலும் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர். அவர்கள் எங்கே கையெழுத்திட்டனர்? நாடகம் எழுதிப் பழகியவன் நான். கதாநாயகனுக்கு ஒரு வசனம்கூடத் தராமல், அவனைப் பற்றியே எல்லோரையும் பேசவைத்து நாடகம் முடிக்கலாம். முடித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த நாடகத்தில் அவன் கதாநாயகன் அல்லன். திரைச்சீலையில் தீட்டிய ஓவியம்!

காடு எப்படி அழிந்தது என்பதைப் பார். ஐவரி கோஸ்டில் 1990-இல் ஏறத்தாழ 78 இலட்சம் ஹெக்டேர் காடு இருந்தது. 2015-இல் அது 34 இலட்சமாயிற்று. 2021-இல் அந்நாடு எடுத்த கணக்கெடுப்பில் 30 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். பெருக்கிப் பார்த்தால் நெஞ்சு நடுங்கும். இதில் கோகோவின் பங்கு பெரிது. பேராசை பிடித்த பாமரன் கோடரி எடுத்தான் என்று பட்டணத்துப் பெருமக்கள் எழுதுகின்றனர். எடுத்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஏன் எடுத்தான்?

புதிதாக வெட்டிய காட்டு மண்ணிலே உரம் வேண்டாம்; களை குறைவு; நோய் குறைவு. இருபத்தைந்து, முப்பது ஆண்டில் மரம் முதுமையடையும், மண் மெலியும். அதே நிலத்தில் மீண்டும் நடுவதற்கு உரம் வேண்டும், ஆள் வேண்டும், காய்க்கும்வரை மூன்று நான்கு ஆண்டு காத்திருக்கக் கையில் காசு வேண்டும். காசு இல்லாதவனுக்கு எஞ்சியிருப்பது அடுத்த காடு. ஆக, எந்த விலை அவனுக்கு மறுநடவு செய்ய இடங்கொடுக்கவில்லையோ, அந்த விலைதான் கோடரிக்குக் காம்பு போட்டது. 1960-இல் விடுதலை பெற்ற அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஊஃபுவே–புவாஞி, நிலத்தைப் பண்படுத்துவோனுக்கே நிலம் என்ற கொள்கையால் அண்டை நாட்டவரையும் அழைத்துக் காட்டில் குடியேற்றினார். எழுபதுகளின் இறுதியில் ஐவரி கோஸ்ட் கானாவை முந்தி உலகின் முதலிடம் பிடித்தது. அன்று அழைத்தவர்களின் வழியில் வந்தவர்களை, 2016-இல் மோன் பேக்கோ என்னும் தேசியப் பூங்காவிலிருந்து வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 50,000 பேர்! சட்டப்படி அது காப்புக்காடு. ஆனால் ஆண்டுக்கணக்கில் அங்கே விளைந்த கோகோவை வாங்கியவர் எவரும் வெளியேற்றப்படவில்லை.

இனிக் கானாவின் மரச் சட்டத்துக்கு வருகிறேன். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது. 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தானாக முளைத்த தடிமரங்கள் குடியரசுத் தலைவரின் பொறுப்பில் உள்ளவை. உழவனின் தோட்டத்துக்குள் முளைத்தாலும் அவ்வாறே! தான் நட்டதை மெய்ப்பித்தால் மரம் அவனுடையது. பறவை இட்ட விதை முளைத்தால் அரசுடையது. உடன்படிக்கை நிழல்மரம் வளர்க்கச் சொல்கிறது. அதிகாரியும் உழவனும் சந்தித்தால் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? கற்பனைதான், கேள்.

"பெரியவரே, உங்கள் தோட்டத்தில் நிழல் போதாதே. அதோ அந்த மகோகனிக் கன்றை வளர விடுங்கள்."

"வளர விடலாம் ஐயா. வளர்ந்தபின் அது யாருக்கு?"

"சட்டப்படி… அரசுக்கு."

"அரசு என்ன செய்யும்?"

"உரிமம் பெற்ற மரக் கம்பெனி வந்து வெட்டும்."

"வெட்டிய மரம் எங்கே விழும்?"

அதிகாரிக்கு விடை தெரியும், வாய் வரவில்லை. அறுபது அடி மரம் சாய்ந்தால் கோகோ மரங்களின் மேல்தான் சாயும். இழப்பீடு என்ற சொல் சட்டப் புத்தகத்தில் இருக்கும். அது உழவன் வீட்டுப் பானைக்கு வந்து சேர்வதற்குள் பொங்கல் பத்துப் போய்விடும். ஆகவே முதியவர் என்ன செய்வார்? அதிகாரி தலை மறைந்ததும் கன்றை வேரோடு பிடுங்குவார். அறிவிலியா அவர்? அந்தச் சட்டத்தை எழுதியவரைவிட நன்கு கணக்கு அறிந்தவர்! நட்ட மரங்களைப் பதிவு செய்து உரிமைச் சான்று தரும் முயற்சிகள் கானாவில் நடக்கின்றன, வரவேற்போம். ஆனால் கன்று வழங்கும் விழாக்களின் வேகத்தில் அந்தச் சான்றுகள் நடக்கவில்லை.

விலைக்கு வருவோம். இதில் உழவன் ஊமையல்லன் என்பதை வரலாறு சொல்லும். 1937-இல் கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. போட்டியிட்டு விலை ஏற்றுவதில்லை. கொள்முதலைப் பங்கிட்டுக்கொள்வோம் என்பது சாரம். உழவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விற்க மாட்டோம் என்றார்கள்! குலத்தலைவர்களும் உடன் நின்றனர். மாதக்கணக்கில் கோகோ கிடங்கிலே கிடந்தது. வெளிநாட்டுச் சரக்கையும் வாங்காது புறக்கணித்தனர். 1938 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நோவெல் விசாரணைக்குழு வந்த பிறகே தற்காலிக அமைதி ஏற்பட்டது. எழுத்தறியாதவர் எனப்பட்டோர், உலகச் சந்தைக்கே பூட்டுப் போட்ட காலம் அது.

அதன்பின் கொள்முதல் வாரியம் வந்தது, அரசின் கையில். வெள்ளையன் போனால் விலை வரும் என்று நம்பினர். 1954-இல் நிக்ருமாவின் அரசு, அறுபது பவுண்டு எடைகொண்ட சுமைக்கு 72 ஷில்லிங் என்று விலையை இறுக்கிக் கட்டியது. உலகச் சந்தையில் விலை மிக உயர்ந்திருந்த ஆண்டு அது. மிச்சம் வளர்ச்சித் திட்டங்களுக்கு என்றனர். அசாந்தி நாடே கொதித்தெழுந்தது. விடுதலை வீரர் என்று நாம் போற்றும் நிக்ருமாவின் ஆட்சியில் நடந்தது என்பதற்காக இதை மறைக்க எனக்கு மனமில்லை. முதலாளி மட்டுமே உழவனை எடை குறைப்பான் என்று எண்ணாதே, தோழனே. தராசு யார் கையில் இருந்தாலும் தட்டைப் பார்!

2019-இல் இரு நாடுகளும் ஒன்றுபட்டு, டன்னுக்கு 400 டாலர் கூடுதலாக உழவன் வாழ்வூதியத்துக்கென வை என்றன. நல்ல துணிவு. நிறுவனங்கள் தலையசைத்தன. 2020-21 பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. வந்த சூட்டோடு, அமெரிக்க ஹெர்ஷே நிறுவனம் அந்தத் தொகையைத் தவிர்க்க நியூயார்க் சந்தைக் கிடங்கிலிருந்து கோகோ வாங்குவதாக 2020 நவம்பரில் இரு அரசுகளும் குற்றஞ்சாட்டின. எந்த ஆயுதத்தை எடுத்தன தெரியுமா? அந்நிறுவனத்தின் 'நீடித்த வேளாண்மை'த் திட்டங்களை நிறுத்திவைத்தன! சில நாள்களில் சமரசம் ஏற்பட்டது. அந்த ஆயுதம் ஏன் பலித்தது? பச்சை இலைச் சின்னம் இல்லாமல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சரக்கு விலைபோகாது. உழவனுக்கு 400 டாலர் தருவது செலவு. இலைச் சின்னம் இழப்பது இழப்பு. இந்த ஒரு நிகழ்ச்சியில் கூட்டின் குட்டு முழுவதும் வெளிப்பட்டது. அதே 400 டாலரை ஒரு கையால் கொடுத்து, நாட்டுக்குரிய தர மிகுதித் தொகையை மறு கையால் பறித்த கதையும் உண்டு. 2022-இல் அந்தத் தொகை பூச்சியத்துக்கும் கீழே இறங்கியது. இரு நாடுகளும் பிரஸ்ஸல்ஸ் கூட்டத்தைப் புறக்கணித்து, மீண்டும் அதே ஆயுதத்தைக் காட்டி மிரட்ட வேண்டியதாயிற்று.

2024 வந்தது. விளைச்சல் சரிந்தது, விலை விண்ணை முட்டியது. மார்ச் மாதம் நியூயார்க்கில் டன் 10,000 டாலரைத் தாண்டியது. டிசம்பரில் 12,000-ஐயும் தாண்டியது. அந்த மார்ச்சில் ஐவரி கோஸ்ட் உழவன் கையில் விழுந்தது கிலோவுக்கு 1,000 பிராங்க், அதாவது டன்னுக்கு 1,700 டாலருக்கும் குறைவு. அறுவடைக்கு முன்பே பெரும்பகுதியை விற்றுவிட்டோம், ஆகவே விலை கட்டுண்டது என்றது அரசு. ஏப்ரலில் 1,500, அக்டோபரில் 1,800 என உயர்த்தினர். ஆனால் 2025-இல் உலக விலை மீண்டும் சறுக்கியது. ஏறும்போது ஏணியின் அடியில் நின்றவன், இறங்கும்போது தலையில் இடி வாங்குகிறான். கானாவில் பலர் கோகோத் தோட்டத்தைத் தங்கம் தோண்டுவோருக்கு விற்றுவிட்டார்கள். அங்கே இப்போது மரமும் இல்லை, மண்ணும் இல்லை. சேற்றுக் குழி இருக்கிறது.

அப்படியானால் கூட்டே வேண்டாமா என்று கேட்பாய். நம் கூட்டங்களில் சில நண்பர்கள் உடனே ஆம் என்பார்கள், கைத்தட்டலும் கிடைக்கும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கோடிக்கணக்கான மரக்கன்று, தோட்டங்களின் வரைபடம், தடம் பிடிக்கும் பதிவேடு ஆகியவற்றுக்கான பணமும் கருவியும் ஏழை அரசுகளிடம் இல்லை, நிறுவனங்களிடம் உண்டு. வாங்குவோன் வராமல் காடு காக்கும் கோகோவுக்குச் சந்தையும் இல்லை. கூட்டு இருக்கட்டும். மேசையிலே மூன்றாவது நாற்காலி போடு. அதில் உழவர் கூட்டுறவின் பிரதிநிதியை, கையெழுத்திடவும் மறுக்கவும் உரிமையுள்ளவனாக, அமர்த்து. காட்டைக் குறித்த பத்திகளுக்கு முன் விலையைக் குறித்த பத்தி வரட்டும். தோட்டத்து மரம், தானாக முளைத்தாலும் வளர்த்தவனுக்கே என்று சட்டம் திருந்தட்டும். இவை மூன்றும் இல்லாத ஒப்பந்தம் எந்த நாட்டில் எந்தப் பயிருக்காக வந்தாலும், அதைக் கையில் எடுத்ததும் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போ; யார் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று எண்ணு.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2020 டிசம்பருக்குப் பின் காடு அழித்த நிலத்தில் விளைந்த கோகோ எங்கள் கரையில் இறங்கக் கூடாது என்பது அதன் கட்டளை. 2024 இறுதியில் நடைமுறைக்கு வரவேண்டியது ஓராண்டு தள்ளிப்போயிற்று. பின்னர் பெரு நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் என மீண்டும் தள்ளிப்போயிற்று. நிறுவனம் ஆயத்தமாகவில்லை என்றால் காலம் காத்திருக்கிறது, பார்! அந்தச் சட்டத்துக்காக ஒவ்வொரு சிற்றுழவனின் தோட்டத்தையும் அளந்து, விண்கோள் காணும் புள்ளிகளாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் எந்த வளைவில் அவன் வரப்பு திரும்புகிறது என்பது ஐரோப்பியக் கணிப்பொறிக்குத் தெரியும். அடுத்த பருவத்தில் தன் மூட்டைக்கு என்ன விலை என்பது அவனுக்குத் தெரியாது. அந்த வரைபடத்தின் நகலையாவது அவன் கையில் கொடுங்கள் என்று கேட்கும் குரல் அந்நாடுகளில் எழுந்திருக்கிறது. வரைபடம் கையில் இருந்தால் நிலத்துக்கு அது சான்று. நிலத்துக்குச் சான்று இருந்தால், அந்த மகோகனிக் கன்றைப் பிடுங்குவதற்கு முன் முதியவரின் கை ஒருமுறை தயங்கும்.