வாசலில் ஒரு முகம்



நியூயார்க் மாநகரில், மாடிசன் சதுக்கப் பூங்காவின் எதிரே, 'இலெவன் மாடிசன் பார்க்' என்றோர் உணவகம் உண்டு. 1998-ஆம் ஆண்டில் டேனி மேயர் என்பவர் தொடங்கியது அது. அங்கே ஒருவர் இராவுணவு கொள்ள இருநூறு டாலருக்கு மேற்பட்ட தொகை கொடுத்தாக வேண்டும் என்றால், அது எத்தகையோர் செல்லும் இடம் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. நம் பங்குக் குடும்பங்களில் எவரும் அங்குச் செல்லப் போவதில்லை. நாமும் செல்லப் போவதில்லை. ஆயினும் அதன் மேலாளராக 2006 முதற்கொண்டு பணியாற்றிய வில் கிடாரா என்பவர் எழுதி 2022-இல் வெளிவந்த நூலின் செய்திகள் சில வாரங்களாக நம் மனத்தை விட்டு அகலவில்லை. நூலின் பெயரை 'அளவு கடந்த விருந்தோம்பல்' என்று தமிழாக்கலாம்.

ஒரு நாள் ஐரோப்பாவிலிருந்து வந்த நால்வர் அங்கு உண்டுகொண்டிருந்தனர். உணவு முடிந்ததும் நேரே விமான நிலையம் செல்ல வேண்டியவர்கள். நகரின் புகழ்மிக்க உணவகங்கள் அனைத்திலும் உண்டாயிற்று, தெருவோர வண்டியில் விற்கும் 'ஹாட் டாக்' ஒன்றைத்தான் சுவைக்கவில்லை என்று தமக்குள் பேசிக்கொண்டனர். அவ்வேளை மேசையிலிருந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த மேலாளரின் காதில் அது விழுந்தது. அவர் வெளியே ஓடினார். ஓரிரு டாலர் விலையுள்ள அந்தப் பண்டத்தை வாங்கிவந்து தலைமைச் சமையற்காரரிடம் நீட்டினார். இத்தகைய தெருப் பண்டத்தைத் தம் மேசைக்கு அனுப்புவதா என்று அவர் தயங்கியது இயல்பே. பின்னர் அதை நான்காக நறுக்கி, அழகுற வைத்து அனுப்பினர். விருந்தினர் அடைந்த மகிழ்ச்சி, அன்று பரிமாறப்பட்ட எந்த விலையுயர்ந்த உணவாலும் விளைந்ததன்று என்கிறார் கிடாரா.

இதில் நம்மைக் கவர்ந்தது அந்தப் பண்டமன்று. உணவகத்தின் தலைவர் தாமே தட்டு எடுத்துக்கொண்டிருந்தார். எடுக்கும்போது காதைத் திறந்து வைத்திருந்தார். இவ்விரண்டும் இல்லையெனில் மூன்றாவது நிகழ்ந்திராது.

வாயிலைப் பற்றி அவர் செய்த ஏற்பாடு இன்னும் நுட்பமானது. பெரிய உணவகங்களில் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது ஓர் உயர்ந்த மேசையும் கணினித் திரையுமே. அங்கு நிற்பவர் திரையைப் பார்த்தபடி, "பெயர் என்ன? பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று வினவுவார். கிடாரா அந்த மேசையை வாயிலிலிருந்து அகற்றினார். அன்று வரவிருப்போரின் பெயர்களையும் படங்களையும் முன்னதாகவே பார்த்து வைத்துக்கொண்ட ஒருவர், கதவு திறந்ததும் பெயர் சொல்லி வரவேற்றார். இடையில் மேசையும் இல்லை, திரையும் இல்லை, முகத்துக்கு முகம். முடிவிலும் அவ்வாறே. பணச்சீட்டு வந்ததும் 'எழுந்து போங்கள்' என்ற எண்ணம் எவர்க்கும் எழலாகாது என்று, அதனுடன் ஒரு முழுப் புட்டி பிராந்தியையும் மேசையில் வைத்து, வேண்டுமளவு அருந்தலாம் என்று சொல்லிச் செல்வராம். (மதுவைப் பற்றிய நம் கருத்தைப் பங்கு மக்கள் நன்கு அறிவார்கள். விடைபெறும் விருந்தினரை விரட்டாத கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.)

இவருக்கு ஆசானாக அமைந்தவர் முற்கூறிய டேனி மேயரே. 1985-இல் தம் முதல் உணவகத்தைத் திறந்த அவர், பணிவிடை வேறு, விருந்தோம்பல் வேறு என்று பிரித்துக் காட்டினார். சூடு ஆறாமல், சிந்தாமல், குறித்த நேரத்தில் உணவைக் கொண்டுவந்து வைப்பது பணிவிடை. உண்பவர் தம் உள்ளத்தில் எப்படி உணர்கிறார் என்பதே விருந்தோம்பல். மேலும் அவர் வகுத்த வரிசையில் முதலிடம் விருந்தினருக்கன்று, ஊழியருக்கு. சமையலறையில் வசை வாங்கியவன் கூடத்தில் புன்னகைக்க முடியாது என்பதை நாம் வீடுகளிலும் கண்டிருக்கிறோம். விருந்தினர் வருகிறார் என்று வீட்டுத் தலைவர் அடுக்களையை நோக்கிச் சத்தமிட்டுவிட்டு, திண்ணைக்கு வந்து, "வாருங்கள், வாருங்கள்" என்று முகம் மலர்வார். வந்தவருக்கோ உள்ளே எழுந்த சத்தம் கேட்டிருக்கும்.

இங்கு ஓர் ஐயம் எழுகிறது. இருநூறு டாலர் கொடுப்பவரைப் பெயர் சொல்லி அழைப்பது விருந்தோம்பலா, வணிகமா? நாம் இதனைத் தள்ளிவிட விரும்பவில்லை. 2010-இல் உலகின் சிறந்த ஐம்பது உணவகங்களின் பட்டியலில் ஐம்பதாவதாக வந்த மனத்தாங்கலே தம்மை இவ்வழியில் செலுத்தியது என்று கிடாராவே மறைக்காமல் எழுதுகிறார். 2017-இல் அப்பட்டியலில் முதலிடமும் கிடைத்தது. புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கு நூலிலும் விருந்தினர்க்கென ஓர் அதிகாரம் இருக்கிறது. செல்வர்க்கு அவர்தம் செல்வமே மதிப்பைப் பெற்றுத் தரும். ஆதலின் ஏழையரையும் வழிப்போக்கரையும் வரவேற்பதிலேயே மிகுந்த கருத்து வேண்டும் என்பது அவர் கட்டளை. எனவே அந்த உணவகத்தின் வாசலை நாம் முழுமையாகப் புகழ மாட்டோம். ஆனால் அதனைப் பழிக்குமுன் நம் வாசலைச் சற்றுப் பார்க்க வேண்டியதாயிற்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால மாலையில், பங்கு அலுவலகத்தில் அமர்ந்து ஞானஸ்நானப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். வாயிலில் நிழலாடிற்று. தலை நிமிராமலே, "பெயர் என்ன? எந்த அன்பியம்? சான்றிதழ் என்றால் காலை பத்து மணிக்கு வாருங்கள்" என்றோம். "சரிங்க சாமி" என்றொரு குரல் கேட்டது. நிமிர்ந்தபோது எவரும் இல்லை.

இரவில் உபதேசியார்தாம் சொன்னார். கணவரை அடக்கம் செய்து பதினைந்து நாள்கூட ஆகாத பெண்மணி அவர். அடக்கப் பூசையை நிறைவேற்றியவர் நாமே. சான்றிதழுக்கு அவர் வரவில்லை. பூசைக்கு எழுதிவைக்கவும் வரவில்லை. மழை நேரத்தில் வீட்டில் தனித்திருக்க முடியாமல், சாமியாருடன் சிறிது நேரம் பேசலாம் என்று வந்தாராம்.

மறுநாள் அவர் இல்லத்துக்குச் சென்றோம். அப்போதும் மழை விடவில்லை. நம்மைக் கண்டதும் எழுந்து, சேலைத் தலைப்பால் விசுப்பலகையைத் துடைத்து, "மழையிலா வந்தீங்க சாமி?" என்று துவைத்த துண்டு ஒன்றைத் தலை துவட்டக் கொடுத்தார். பக்கத்து வீட்டுச் சிறுவனை ஓட்டி, பால் வாங்கிவரச் செய்து, காப்பி கலந்தார். முன்னாள் மாலையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாம் சொல்ல முயன்றபோது, "காப்பி ஆறிடும், குடிங்க சாமி" என்றார். பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் தம் கணவரைப் பற்றிப் பேசினார், நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த வாரமே அலுவலக மேசையைச் சுவர்ப் பக்கமிருந்து திருப்பி, வாயிலை நோக்கிப் போட்டோம். பதிவேடுகள் உள்ளறை அலமாரிக்குச் சென்றன. ஒரு சான்றிதழ் எழுத ஒவ்வொரு முறையும் உள்ளே போய் வர வேண்டியிருக்கிறதே என்று உபதேசியார் மட்டும் இன்றளவும் குறைபட்டுக்கொள்கிறார்.